நாலு பேர் போட்ட உப்பு

அடுப்படியில் யாராவது குழம்புக் கரண்டியை நீட்டி "உப்பு பாரு" என்றால் என் உள்ளங்கை தானாகக் குழிந்துவிடும். விழுகிற அந்த ஒரு சொட்டை நக்கிவிட்டு, சரியா, கம்மியா, ஜாஸ்தியா என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். மென்று முழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதனால் மாமியார் வீட்டில் எனக்கு வாய் நீளம் என்று பேர். இருக்கட்டும். இந்த வாய் எங்கே நீண்டது என்று கேட்டால் நீங்களாவது என்னைத் திட்டமாட்டீர்கள்.

நம் செட்டுக்கு வயதாகிவிட்டது, ஒத்துக்கொள்வோம். காதோரம் மருதாணி பூச ஆரம்பித்தாயிற்று. கல்யாண வீடுகளில் மீசை முளைத்த பையன்கள் நம்மை ஆன்ட்டி என்கிறார்கள். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய சிவப்பு டெலிபோன் பெட்டியையும், ஒரு ரூபாய்க் காசு உள்ளே விழுகிற சத்தத்தையும், பேசி முடிப்பதற்குள் கட்டாகிவிடுமோ என்ற பயத்தையும் இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்மையே மியூசியத்தில் வைத்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது அந்தப் பெட்டிகள் தொங்கிய காலம். சுனாமி வந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தை பிறந்ததிலிருந்து மாசி மகம் வரைக்கும் நான் சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அம்மா வயிற்றில் அப்போது தம்பி. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் குடிகாட்டுப் பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தார். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. சிதம்பரத்தில் பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரு ஹெச்.எம். தன் பள்ளியில் ஆறாம் வகுப்பில் என்னைச் சும்மா உட்கார்ந்து பாடம் கேட்கவிட்டார்.

அனுப்பியதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அம்மா படுத்தபடியே அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாப்பா போய் இருந்தா அக்காவும் வூட்டோட கெடக்கும். இந்த வயசுல ஊருக்கு உழைச்சிக்கிட்டுத் திரியுது."

மேயப் போய் ஊர் சுற்றுகிற மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் கட்டை நான். ஆனால் பெரியம்மா கட்டையையும் இழுத்துக்கொண்டே மேயப் போனார்.

பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த அக்கா. அவர்களின் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கை, தம்பி எல்லோரையும் தூக்கி வளர்த்துக் கட்டிக்கொடுத்தது பெரியம்மாதான். பிறகு தன் பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தார். வீட்டு வேலை ஓய்ந்த பிறகு ஊர் வேலைக்கு வந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. இடுப்பில் என் அம்மாவை வைத்துக்கொண்டே தெருவில் செத்தவர் வீட்டுக்கு உலை வைத்தவர் அவர். இரண்டுக்கும் நடுவில் அவர் சுவர் எழுப்பவே இல்லை.

காலையில் எழுந்ததும் நொய்க்கஞ்சி. அதைப் பெரிய தூக்கில் ஊற்றிக்கொண்டு ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம். கூட ஆள் இல்லாமல் படுத்திருப்பவர்களை நர்ஸம்மாக்கள் அவருக்குக் கைகாட்டுவார்கள். அவர் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டுவார். நான் துண்டு பிடிப்பேன். அங்கிருந்து என்னைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார். சாயந்திரம் ஏதாவது ஒரு வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து, இல்லாவிட்டால் சாவு. அவருடைய மஞ்சள் துணிப்பையில் ஒரு பித்தளைக் கரண்டி, அரிவாள்மணை சுற்றிய துண்டு, லைஃப்பாய் சோப்பு, வெற்றிலைப் பெட்டி. ஓரத்தில் நசுங்கிய அலுமினிய அன்னக்கூடை ஒன்றும் இருந்தது. அந்தக் கூடை இன்று யார் வீட்டில் இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. உதவிக்குப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். காப்பியை நீட்டினால் கையைக் கும்பிட்டு நகர்ந்துவிடுவார். தாகத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏன் பெரியம்மா என்று கேட்டதற்கு, "போன எடத்துல வாய நனைச்சா அது கூலி ஆயிடும் பாப்பா" என்றார். எனக்கு அது பெரிய கர்வமாகத் தெரிந்தது. இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் தெரிகிறது.

பெரியப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் ரூட்டில் போகாத ஊர் கிடையாது. வீட்டிலும் பஸ் பாஷைதான். சம்மதம் என்றால் "ரைட்". வேண்டாம் என்றால் "ஹோல்டான்". அவருடைய விசில் பூஜை அறை ஆணியில் தொங்கும். அதை ஊதினால் மட்டும் எனக்கு அடி விழும். அவருக்கு ரத்தக்கொதிப்பு என்பதால் வீட்டுச் சமையலில் உப்பே கிடையாது. எனக்கு மட்டும் தட்டோரத்தில் ஒரு சிட்டிகை வைத்துத் தொட்டுக்கொள்ளச் சொல்வார் பெரியம்மா. அவரும் பெரியப்பாவுக்காக உப்பில்லாமலேதான் சாப்பிடுவார்.

ஊருக்குச் சமைப்பது வேறு. அதில் பெரியம்மாவின் கை பேர் போனது. நூறு பேருக்கோ ஐநூறு பேருக்கோ, அண்டா கொதிக்கும்போது குனிந்து ஆவியை ஒரு தரம் இழுப்பார். "ரெண்டு கை போடு" என்பார். போட்டால் சரியாக இருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் நாக்கில் வைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். பசித்தவனுக்குப் போடுவதை நாம் முதலில் தின்பதா என்பது அவருடைய சொந்தக் காரணம்.

நான் போய்ச் சில நாள் கழித்துப் பக்கத்துத் தெருவில் ஒரு டெய்லரின் அப்பா இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே, அடுத்த வீட்டுக் கொல்லையில் பெரியம்மா சாம்பார் சாதம் கிளறினார். எடுத்துவிட்டு வந்த ஆம்பிளைகள் குளித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு கிடைத்தது. ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை.

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெய்லர் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கினார். பெரியம்மா கூடையோடு குனிந்து குனிந்து போட்டுக்கொண்டே, "நல்லாருக்கா தம்பி? வயிறார சாப்புடு" என்றார். "உங்க கைக்கு என்னாக்கா குறை" என்றார் அவர். நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து யாரோ என் ஜடை ரிப்பனைப் பிடித்து இழுத்தார்கள். பெரியப்பா.

தெருமுனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். "அவளுக்கு மூக்கு பூடுச்சி பாப்பா. போன மழைக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சில்ல, அதுக்கப்புறம் வாசனையே தெரியல. தீவாளிக்கு அடுப்புல பாலு தீயுது, தெருவே நாறுது, பக்கத்துலயே ஒக்காந்து பூ கட்டிக்கிட்டு இருக்கா. அன்னைக்குதான் எனக்குப் புரிஞ்சிது."

"பெரியம்மாட்ட சொன்னீங்களா?"

"ஹோல்டான்" என்றார். "சொல்லாத. நீயும் சொல்லாத. சொன்னா ஒடஞ்சி பூடுவா. அவளுக்கு இதான் உசுரு. ஊருக்கு செய்யறத வுட்டான்னா ஆறே மாசத்துல படுத்துக்குவா."

"எல்லாருக்கும் தெரியுமா பெரியப்பா?"

"தெரியும். யாரும் வாயத் தொறக்கல. சாப்பாட்டக் கொறை சொல்றதா, அதுவும் அவ சாப்பாட்ட."

அதுவரை எனக்கு யாரும் ரகசியம் சொன்னதில்லை. முதலில் பெருமையாக இருந்தது. இரண்டு நாளில் யாரிடமாவது இறக்கிவைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டும்போது அவர் முகம் சுளித்தார். பெரியம்மா பதறி, "சூடா இருக்காய்யா?" என்று ஊதி ஊதிக் கொடுத்தார். சூடு இல்லை, உப்புதான் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழவருக்கும் தெரியும். அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். பெரியவர்கள் இதற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மாசி மகம் வந்தது. ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், உங்களுக்குத் தெரியும். வழியெல்லாம் ஊர் ஊராக நின்று, தைக்கால் ஊர்ப் பாய்மார்கள் தரும் மரியாதையை வாங்கிக்கொண்டு, பின்னால் ஜனம் திரளாக நடந்து வரும். கிள்ளை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் எங்கள் தெருக்காரர்கள் வருஷா வருஷம் பந்தல் போட்டுச் சாம்பார் சாதம் போடுவார்கள். அடுப்பு பெரியம்மாவுடையது. மற்றதெல்லாம் மாமா. மாமா என்றால் பெரியம்மாவின் தம்பி, சைக்கிள் கடை வைத்திருந்தவர். கமிட்டிக்குத் தலைவர் ஒருவர் உண்டு, ரிட்டையர்டு தமிழ் வாத்தியார், வெள்ளை வேட்டி கசங்காமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பார்.

முதல்நாள் சாயந்திரமே வேனில் போய்விட்டோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூசணியும் கத்தரிக்காயும் நறுக்கினோம். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டினார்கள். சவுக்கு விறகுப் புகையும் உப்பங்கழிக் காற்றும் சேர்ந்து வீசிய அந்த வாசனை இன்றும் எனக்கு எங்காவது வந்தால் நின்றுவிடுவேன். பெரியம்மா அண்டாவின் மேல் குனிந்து ஆவியை இழுத்தார். கொஞ்சம் அதிக நேரம் இழுத்த மாதிரி எனக்குப் பட்டது. பிறகு கல்லுப்பை அள்ளிப் போட்டுவிட்டு, பாதையில் கோலம் போடப் போனார். அவர் நகர்ந்ததும் மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இரண்டு கை உப்பை அண்டாவில் போட்டுக் கிளறி, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, மாமா பார்த்துக்கொண்டார் என்று சாக்கின் மேல் படுத்துத் தூங்கிவிட்டேன்.

வெயில் ஏறியதும் முன்னால் நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பந்தலில் உட்கார ஆரம்பித்தார்கள். பெருமாள் வர உச்சி ஆகும். அவருக்குக் காட்டிய பிறகுதான் பரிமாறுவது வழக்கம். ஒரு அம்மா இடுப்பில் ஒரு பையனை வைத்துக்கொண்டு வந்தாள். அவன் பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். தலைவர், "செத்த பொறும்மா, சாமி வந்துடட்டும்" என்றார். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"புள்ள பசிக்கு சாமியா கோவிச்சிக்கும்?" என்று சொல்லி, ஒரு தொன்னையில் எடுத்து ஆற்றி, தன் கையாலேயே ஒரு வாய் ஊட்டினார்.

பையன் அதைத் துப்பினான். துப்பிவிட்டு முன்பைவிடப் பெரிதாக அழுதான். பெரியம்மா இன்னொரு வாய் கொண்டுபோனார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாக்கை முந்தானையில் தேய்த்தான். அவன் அம்மா ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தாள். வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியம்மா நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். கரண்டியால் கொஞ்சம் எடுத்து, "கைய நீட்டு பாப்பா" என்றார். நீட்டினேன். "சாப்டு பாத்துட்டு சொல்லு. நெசத்த சொல்லு."

பின்னால் பெரியப்பா நிற்கிறார் என்று தெரியும். ரிப்பனை இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. வாயில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது.

"உப்பு பெரியம்மா. வாயில வக்க முடியல."

"கம்மியா?"

"ஜாஸ்தி. ரொம்ப ஜாஸ்தி."

அவருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கம்மி என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். "யாரு போட்டது?" என்றார்.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் ரெண்டு கை போட்டன்க்கா. நீ கோலம் போடப் போனப்ப."

"நீயுமா போட்ட மச்சான்?" என்றார் பெரியப்பா. "நீ பல்லு தேய்க்கப் போனப்ப நானும்ல போட்டன்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் ஒரு பிடி... அண்டா பெருசா இருக்கேன்னு..." பாவம், அவர் வேட்டி ஓரத்தில் சாம்பார் தெறித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சிரிப்பு வருகிறதா? எங்களுக்கும் இப்போது வருகிறது. அன்று வரவில்லை. பெரியம்மா கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றார். பிறகு அவரே, மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் தெரியும். வாசனை வரலன்னு. எங்க கம்மியா பூடுமோன்னு இன்னைக்கு நானே ரெண்டு கை கூடத்தான் போட்டன்."

பெரியப்பா அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் அவரும், கட்டின புருஷனுக்குத் தெரியாமல் பெரியம்மாவும், ஒரே விஷயத்தை ஒரே வீட்டில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அதுவும் உப்பில்லாத சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்து தின்றுகொண்டு.

தூரத்தில் மேளம் கேட்டது. வாய்க்காலில் கொட்டிவிடலாம் என்றார் தலைவர். தண்ணீர் ஊற்றினால் அடங்கும் என்றார் மாமா. பெரியம்மா எழுந்து முகத்தைத் துடைத்தார். "கொட்றதா? எத்தினி பேரு நடந்து வராங்க" என்றார். "வடிச்ச சோத்துல உப்பு இருக்காது. இந்நேரம் எல்லா வூட்லயும் ஒலை எறங்கியிருக்கும். அத வாங்கி இதுல கலந்துடலாம். தம்பி, நீ போயி பருப்பும் தக்காளியும் கொண்டா, உப்பு போடாம வேவ வச்சி ஊத்தலாம். சாமிக்குப் பானகமும் பழமும் காட்டிக்கலாம்."

"நான் போயி சோறு கேட்டு வாங்கியாரன்க்கா" என்றார் மாமா.

"வாணாம். கெடுத்தவதான் போவணும். கூடையப் புடி பாப்பா."

பந்தலுக்குப் பின்னால் ஒரு குப்பம். சுனாமிக்குப் பிறகு கட்டிய வரிசை வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, சிமெண்ட் வாசனை இன்னும் போகாமல் இருந்தன. அலை வந்த அந்த மாசங்களில் இதே அன்னக்கூடையோடு பெரியம்மா இங்கே வேளா வேளைக்கு வந்திருக்கிறார். அப்போதும் சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை.

முதல் வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. பெரியம்மா கூப்பிடவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் "இந்தாம்மா" என்று சொல்லியே பழகிய வாய்க்கு வேறு சொல் வரவில்லை. நான் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு அக்கா ஈரக்கையோடு வந்தாள். "யம்மா! நீயா? என்னா வெயில்ல நிக்கிற?"

"ஒரு தட்டு சோறு வேணும்" என்றார் பெரியம்மா.

அந்த அக்கா பயந்தே போனாள். "பசியோட வந்தியா? வா, உள்ள வா, ஒக்காரு. மீன் கொழம்பு இருக்கு, வாணாம்னா மோரு ஊத்தறன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு இல்லடி. பந்தலுக்கு." பெரியம்மா நிறுத்தினார். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "எனக்கு மூக்கு பூடுச்சி. உப்பு தெரியல. சோத்த கெடுத்துட்டன். உங்க வூட்டுச் சோத்த போட்டா சரியாவும்."

அந்த அக்கா உள்ளே போய், வடித்த பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூடையில் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிப் போட்டாள். போட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள். "அலை வந்தப்ப எங்க புள்ளைங்களுக்கு மூணு வேளையும் ஊட்டன. ஒரு வாய் தண்ணி குடின்னா கையக் கும்பிட்டுட்டு ஓடிப்புடுவ. நாங்க என்னா, வாங்கிக்கவே பொறந்தவங்களா? இன்னைக்குக் குடிச்சிட்டுப் போ. இல்லன்னா சோத்தத் திருப்பிக் குடு."

பெரியம்மா அழுதுவிட்டார். அழுதுகொண்டே அண்ணாந்து குடித்தார். கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. மீதியை என்னிடம் நீட்டினார். அந்தத் தண்ணீரில் லேசாக உவர் இருந்தது. ஆனாலும் அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

இரண்டாவது வீட்டில் அவர் குரல் கொஞ்சம் தெளிந்தது. நாலைந்து வீடு போனதும், "மூக்கு போன கெழவி வந்திருக்கன், சோறு போடுங்கடி" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். அடுத்த தெருவிலிருந்து ஒரு பாயம்மா மகனிடம் ஒரு தேக்சா நிறையச் சோறு கொடுத்தனுப்பினார். மாதா கோயில் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எந்த வீட்டுச் சோறு என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

எல்லாவற்றையும் கலந்து கிளறியதும் ஒரு அண்டா இரண்டரை அண்டாவாகிவிட்டது. பெரியம்மா கரண்டியில் எடுத்து எல்லோருக்கும் நடுவில் என் கையில் வைத்தார். "சத்தமா சொல்லு."

"சரியா இருக்கு பெரியம்மா!"

பெருமாள் வந்தார், பானகம் குடித்தார், போனார். ஜனம் உட்கார்ந்து சாப்பிட்டது. சோறு கொடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து வரிசையில் உட்கார்ந்தன. அந்த அழுத பையன் இரண்டு தொன்னை தின்றுவிட்டு அம்மா மடியில் தூங்கினான்.

வேனில் திரும்பும்போது பெரியம்மா கேட்டார். "தீவாளியிலேந்து தெரியும். ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வுட்டுடுவியோன்னுதான்" என்றார் பெரியப்பா.

"எதை?"

"ஊருக்கு செய்யறத."

பெரியம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "மூக்கு போனா கை போச்சா? சமைக்க முடியாட்டா போவுது, நான் எலை எடுக்க மாட்டனா? தண்ணி ஊத்த மாட்டனா? இத்தினி வருஷம் கூடக் குடுத்தனம் பண்ணி, நான் கரண்டிக்காவதான் போறேன்னு நெனைச்சீங்களா?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு தாழ்ந்த குரலில், "ஆஸ்பத்திரில அந்தக் கெழவரு மூஞ்ச சுளிச்சாரே. அதுக்குதானா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் காலை அந்தக் கட்டிலுக்குப் போய் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டார். கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

இப்போது யோசித்தால், அந்தப் பெரியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். உயிர் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லோரும் கோட்டைவிட்டார்கள். சொன்னால் உடைந்துவிடுவார் என்று பயந்து, நாலு மாசம் அவரை ஊர் நடுவில் தனியாக நிற்கவைத்துவிட்டார்கள்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். நான் கடலூர் திரும்பினேன். பெரியம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் இறக்குவார், அவ்வளவுதான். போன இடத்தில் காப்பி குடிக்கவும் ஆரம்பித்தார். சர்க்கரை போதவில்லை என்று திருப்பிக் கேட்கிற அளவுக்கு முன்னேறிவிட்டார் என்று மாமா சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகும் பல வருஷம் ஊர் அவர் கையால் தின்றது.

போன வருஷம் பெரியம்மா இறந்துபோனார். காரியத்தன்று கூடம் கொள்ளாத கூட்டம். குப்பத்து அக்கா கிள்ளையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். படையலுக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. செத்தவர்களுக்குப் படைப்பதை யாரும் முன்னால் ருசி பார்க்கக்கூடாது இல்லையா, அதனால் பெண்கள் எல்லோரும் அண்டாவைச் சுற்றி நின்று, உப்பு போதுமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். கரண்டியை எடுத்தார். "அவளுக்கு வக்கறதுதான? பாத்துட்டே வைங்க, அவ ஒண்ணும் சொல்லமாட்டா. கைய நீட்டு பாப்பா."

நீட்டினேன். ஒரு சொட்டு விழுந்தது. நக்கிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டதால் கொஞ்சம் தாமதமானது. பிறகு வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கம்மியா இருக்கு பெரியப்பா."

"ரைட்" என்றார். ஜாடியிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"நான் போட்டுட்டன். வேற யாரும் போட்டுடாதீங்க."